மேசைப் பலகை ஏன் பிளக்கிறது?

பட்டறைக்குத் தச்சு வேலை பழக வரும் பையன் ஒருவன், தான் செய்த முதல் மேசையின் படத்தைச் சென்ற வாரம் காட்டினான். இழைப்பு சுத்தம், மூட்டுகள் நேர்த்தி. அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். முழு மரப் பலகையைச் சட்டத்தோடு பசை தடவி ஒட்டி, போதாக்குறைக்கு வரிசையாகத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தான். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நானும் என் முதல் மேசையை இப்படித்தான் கெடுத்தேன்.

அளவைச் சரிபார்ப்பது, உளியைத் தீட்டுவது போன்றவற்றைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். முழு மரத்தையும், பிளைவுட், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் போன்ற ஆலைப் பலகைகளையும் ஒரே கைப்பழக்கத்தில் கையாள்வதால் வரும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முழு மரத்தை அசையவிடாமல் பூட்டுவது

அறுத்து, உலர்த்தி, வார்னிஷ் பூசிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், திருப்பி விடும். வாங்கும்போது விரியும், விடும்போது சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. நாருக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் எல்லா வம்பும். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் வரும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தேக்கு அடக்கமான மரம். அதுவே பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது வளையப் போக்கில் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். செய்துமுடித்த பொருளில் அவ்வளவு மாற்றம் வராது. ஆனால் 900 மில்லிமீட்டர் அகலமுள்ள மேசைப் பலகையின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினாலே அகலம் ஆறேழு மில்லிமீட்டர் குறையலாம்.

பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஓர் அடுக்கின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். ஒன்று அசையப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும். அதை எப்படி வேண்டுமானாலும் பூட்டலாம், ஒட்டலாம். புதியவர்கள் பெரும்பாலும் பிளைவுட்டில் கைபழகிவிட்டு முழு மரத்துக்கு வருகிறார்கள். கை பழைய வேலையையே செய்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ஆறு தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை செய்து கொடுத்தேன். மழைக்காலத்தில் செய்தது. வெயில் ஏறிய ஒரு மதியம் சுள்ளி முறிவதைப்போல ஒரு சத்தம் கேட்டதாக அக்கா சொன்னாள். போய்ப் பார்த்தால், ஒட்டிய இடத்தில்கூட இல்லை, நல்ல பலகையின் நடுவே முழங்கை நீளத்துக்குப் பிளவு. ஈர மரத்தை என் தலையில் கட்டிவிட்டார் என்று மரக்கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பதில் பேசாமல் என்னோடு வந்தார், மேசையைக் கவிழ்க்கச் சொன்னார், திருகாணிகளை விரல் வைத்து எண்ணினார். பதினான்கு. எண்ணி முடித்ததும் எழுந்து போய்விட்டார். சுருங்க வந்த பலகையைப் பதினான்கு இடத்தில் பிடித்து வைத்தால் அது வேறு எங்கே போகும்?

அந்தப் பலகை இன்றும் என் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வறண்ட மாதங்களில் பிளவுக்குள் நாணயம் நுழையும். மழை பிடித்துவிட்டால் காகிதம் நுழைவதே பாடு.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. அகலத்தின் நடுவில் மட்டும் திருகாணியை இறுக்குங்கள். ஓரங்களில் துளையை நாருக்குக் குறுக்காக நீட்டிப் போடுங்கள், திருகாணி அதற்குள் நகரட்டும். இன்னொரு வழி, சட்டத்தின் உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, சிறு மரத்துண்டுகளின் நாக்கை அதில் நுழைத்து, துண்டை மேல்பலகையோடு மட்டும் திருகுவது. இரண்டிலும் பசை கூடாது. கதவுச் சட்டத்துக்குள் முழு மரப் பலகை வைத்தாலும் இதேதான்: காடிக்குள் இடைவெளி வேண்டும், பசை வேண்டாம்.

ஆலைப் பலகை என்றாலே தரம் குறைந்தது என்று நினைப்பது

பெயின்ட் அடிக்கப்போகும் கதவுக்கு எம்டிஎஃப்தான் என் தேர்வு. முழு மரத்தில் செய்தால் மூட்டுக்கு மூட்டு பெயின்டில் மயிரிழை விரிசல் விழும். அகலமான அலமாரிப் பக்கத்துக்குப் பிளைவுட். கௌரவத்துக்காக அங்கே முழு மரம் கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, வேலையை ஒப்புக்கொள்வதும் இல்லை.

ஒரு முகத்தில் மட்டும் லேமினேட் ஒட்டுவது

லேமினேட், அதாவது அழகுக்கு ஒட்டும் மெல்லிய தகடு, ஒரே முகத்தில் இருந்தால் பலகை வளையும். பின்முகத்திலும் ஏதாவது ஒட்டுங்கள்.

அறுத்த விளிம்பை அப்படியே விடுவது

மரத்துகள்களை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டிலும் எம்டிஎஃபிலும் தண்ணீர் முகம் வழியாக அல்ல, விளிம்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஊதிய விளிம்பு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வெளியே தெரியும் விளிம்பை அழகுக்காக எல்லோரும் மூடிவிடுகிறார்கள். தரையை ஒட்டிய அடிவிளிம்பையும், குழாய்க்காக வெட்டிய ஓட்டையையும்தான் மறந்துவிடுகிறார்கள்.

புத்தகத் தட்டை நீளமாகப் போடுவது

தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கி, அதே மாதிரி புத்தகங்களால் நிரப்பினால், தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும். 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டைத் தாங்கலே இல்லாமல் சுவருக்குச் சுவர் போட்டவர்களை எண்ணினால் கணக்குத் தாங்காது. இடையில் ஒரு தாங்கல் கொடுங்கள். முடியாவிட்டால் முன்விளிம்பில் இரண்டு விரல்கட்டை அகலத்துக்கு ஒரு மரச்சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அந்தச் சட்டம் ஒல்லியானது என்பதால் அதைத் தாராளமாகப் பசை போட்டே ஒட்டலாம்.

வெனீரை மெஷின் வைத்துத் தேய்ப்பது

வெனீர் என்பது பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தாள், அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அடியிலுள்ள பலகை தெரிந்த பிறகு நிறுத்திப் பயனில்லை.