ஆடிப்பெருக்கு நோட்டீசுக்கு அலை வரைவது எப்படி? இங்க்ஸ்கேப்பில் வளைவுகள்

ஆடி 18 நெருங்கும்போது திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் நோட்டீஸ், ஃபிளெக்ஸ் வேலைகள் வரத் தொடங்கும். அடியில் காவிரி அலை ஓடினால் நன்றாக இருக்கும் என்று இணையத்தில் ஒரு படத்தைத் தேடி எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கும்போது அதன் விளிம்பு சிதறிப்போகிறது. வெக்டாராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத கோட்டு வடிவமாக, நீங்களே வரைந்துவிட்டால் கைநோட்டீசுக்கும் பெரிய பேனருக்கும் ஒரே கோப்பு போதும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பே இதற்குத் தாராளம். கோரல்ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் வளைவின் கணக்கு இதேதான்; ஷார்ட்கட் விசைகள் மட்டும் மாறும்.

வெக்டார் வளைவில் இரண்டே உறுப்புகள். கோடு கடந்து போகும் புள்ளி நோடு. அந்த நோடிலிருந்து நீளும் குச்சி ஹேண்டில். கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதை ஹேண்டிலின் சாய்வு சொல்லும். அந்தத் திசையை எவ்வளவு தூரம் விடாமல் பிடிக்க வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்லும். 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே பரவலாக்கிய முறை இது.

புதிதாக வரைபவர்களின் அலை கரடுமுரடாக வருவதற்குப் பெரும்பாலும் நோடுகளை அள்ளித் தெளிப்பதுதான் காரணம். அலைக்கு நோடு தேவைப்படும் இடங்கள் முகடும் பள்ளமும் மட்டுமே. இரண்டிலும் ஹேண்டில் படுக்கைவசமாக இருக்க வேண்டும். ஹேண்டிலின் நீளம், அடுத்த நோடு வரையிலான கிடைமட்டத் தூரத்தில் ஏறக்குறைய 36 சதவீதம். இந்த அளவில் கணிதப் பாடத்தில் வரும் சைன் அலைக்கு மிக நெருக்கமான வடிவம் கிடைக்கிறது. 20 சதவீதமாகக் குறைத்தால் முகடு கூராகிவிடும். 60க்கு மேல் போனால் முகடு தட்டையாகி, சரிவு செங்குத்தாகும்.

இப்போது வரைவோம். ஏ4 தாள், அதாவது 210 x 297 மி.மீ. ஓர் அலையின் நீளம் 70 மி.மீ., உயரம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, கிரிட்ஸ் பகுதியில் செவ்வகக் கட்டம் ஒன்று சேர்க்கவும். அலகு மி.மீ., இடைவெளி 2.5. தடித்த கோடு 14 கட்டத்துக்கு ஒன்று என்று மாற்றவும். தாளின் குறுக்கே 35 மி.மீ.க்கு ஒரு தடித்த கோடு நிற்கும். நோடு வைக்க வேண்டிய இடங்கள் அவைதான். கட்டத்தில் ஒட்டும் ஸ்னாப் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

2. 'B' விசை அழுத்தினால் பென் கருவி வரும். தாளுக்கு வெளியே, இடப்பக்கம் -35 மி.மீ., மேலிருந்து 270 மி.மீ. உள்ள இடத்தில் அழுத்திப் பிடித்து, வலப்பக்கம் 5 கட்டம் இழுத்து விடவும். இது முதல் பள்ளம். இழுக்கும்போது கன்ட்ரோல் விசையைப் பிடித்திருந்தால் ஹேண்டில் சாயாது.

3. அங்கிருந்து 14 கட்டம் வலம், 8 கட்டம் மேலே: முகடு. மறுபடி 5 கட்டம் வலப்பக்கம் இழுப்பு. அடுத்தது 14 வலம், 8 கீழே. இப்படியே 245 மி.மீ. வரை மொத்தம் ஒன்பது நோடு. கடைசி நோடை மட்டும் இழுக்காமல் வெறுமனே சொடுக்கவும். இழுத்தால் அடுத்து வரும் நேர்கோடு வளைந்துவிடும்.

4. நேர்கீழே 302.5 மி.மீ.யில் ஒரு சொடுக்கு, இடப்பக்கம் -35இல் இன்னொன்று, கடைசியாக முதல் நோடின் மேலேயே ஒன்று. வடிவம் மூடிக்கொள்ளும்.

நடுவில் ஒரு நோடு தவறினால் எஸ்கேப் அழுத்த வேண்டாம், வரைந்தது முழுவதும் போய்விடும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கடைசி நோடு மட்டும் நீங்கும். 14-க்கு 5 என்பது 35.7 சதவீதம். கட்டத்தை 2.5 மி.மீ. வைத்ததே இந்தக் கணக்குக்காகத்தான். தாளுக்கு வெளியே நீட்டி வரைவதற்கும் காரணம் உண்டு: அச்சகத்தில் தாளை வெட்டும்போது கத்தி சற்று விலகினால் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். நான்கு பக்கமும் குறைந்தது 3 மி.மீ. மிச்சம் வேண்டும்.

நிறத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆடியில் வரும் புதுவெள்ளம் வண்டல் கலந்து செம்பழுப்பாகத்தான் ஓடும். நீச்சல்குள நீலத்தைப் பூசினால் அது நம் ஆறாகத் தெரியாது. 906030 என்ற நிற எண்ணில் தொடங்கிப் பாருங்கள். வெளிக்கோட்டை எடுத்துவிடுங்கள்.

ஒற்றை அலை வெறுமையாக இருக்கும். கன்ட்ரோல்-டி அழுத்தி நகல் எடுத்து, மேலே உள்ள எக்ஸ் பெட்டியில் -17.5 என்று கொடுங்கள். கால் அலை தள்ளிப் போகும். 7.5 மி.மீ. மேலேற்றி, பேஜ் டவுன் விசையால் பின்னுக்கு அனுப்புங்கள். இன்னொரு நகலுக்கு எக்ஸ் -52.5, ஏற்றம் 15 மி.மீ. பின்னால் உள்ள இரண்டுக்கும் ஒளிபுகா அளவு (ஒபாசிட்டி) 60 சதவீதம். முன்னால் உள்ளதை 100லேயே விடுங்கள். மேலேற்றிய நகல்களின் அடிவிளிம்பு தாளுக்குள் வந்துவிடும், அதை முன் அலைதான் மறைக்கிறது.

அலைகள் அச்சில் வார்த்தது போல் ஒரே சீராகத் தெரிந்தால் 'என்' விசையால் நோடு கருவிக்கு மாறி, சில முகடுகளை நாலைந்து மி.மீ. நகர்த்துங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நோடு சிமெட்ரிக் வகையாக இருந்தால் இருபுற ஹேண்டிலும் ஒரே நீளத்தில் நிற்கும். நகர்த்திய பிறகு ஒருபக்கத் தூரம் குறைந்திருப்பதால் அந்தப் பக்கம் புடைக்கும். ஷிஃப்ட்-எஸ் அழுத்தி ஸ்மூத் ஆக்கினால் திசை மாறாமல் நீளம் மட்டும் தனித்தனியே மாறும். அந்தந்தப் பக்கத் தூரத்துக்கு அதே 36 சதவீதத்தைக் கண்ணளவில் கொடுங்கள். முகட்டில் வெட்டு தெரிந்தால் அந்த நோடு கஸ்ப் (கூர்முனை) வகையில் இருக்கிறது, அதற்கும் ஷிஃப்ட்-எஸ்தான். பூம்புகார்க் கடலலை போல் நுனி மடிந்து விழ வேண்டுமென்றால் மட்டும் ஷிஃப்ட்-சி கொடுத்துக் கஸ்ப் ஆக்குங்கள். நேராக இருக்க வேண்டிய ஓரம் வளைந்திருந்தால் அதன் இரு நோடுகளையும் தேர்ந்து ஷிஃப்ட்-எல்.

இதே முறையில் ஆற்றுப்படமும் வரையலாம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் பிரிகின்றன. ஒவ்வொரு வளைவிலும் கோடு அதிகம் ஒதுங்கும் இடத்தில் ஒரு நோடு போதும். கிளையின் முதல் ஹேண்டிலைத் தாய் ஆற்றின் போக்கிலேயே கிளப்பிவிட்டு, பிறகு திருப்புங்கள்; இல்லையென்றால் ஆறு முட்டித் திரும்பியது போலிருக்கும். கோட்டின் முனைகளுக்கும் இணைப்புகளுக்கும் ரவுண்ட் தேர்ந்தெடுக்கவும்.

பென்சில் கருவியால் கைபோன போக்கில் வரைந்தால் நோடுகள் குவியும். கன்ட்ரோல்-எல் அவற்றைக் குறைக்கும், ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தினால் வடிவம் கரைந்துவிடும். ஒரு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் புதிதாக வரைவதே சுருக்கம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எஸ்விஜி கோப்பில் ஒரு நகல் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்துகளைக் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி மூலம் பாத், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிப் பிடிஎஃப் எடுங்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். பாத் ஆன பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. ஊர்ப்பெயர், தேதி, நேரம் எல்லாம் அதற்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும்.