டெலோமியர் நீளப் பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி: பிறப்பு தந்ததும் நோய்த்தொற்று குறைத்ததும்

டெலோமியர் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் பலரின் கண் முதலில் போய் நிற்பது ‘உங்கள் உடலின் வயது’ என்ற வரியில்தான். அந்த வரியை ஒதுக்கிவிட்டு, எந்த முறையில், எந்தச் செல்களில் அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். குரோமோசோம்களின் முனைகளில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து டி.என்.ஏ. தொடர் அடுத்தடுத்துப் பலமுறை அமைந்திருப்பதே டெலோமியர். செல் பகுப்படையும் ஒவ்வொரு முறையும் அது சிறிது குறைகிறது. டெலோமரேஸ் என்னும் நொதி சில வகைச் செல்களில் மட்டும் அந்தக் குறைவை ஓரளவு ஈடுசெய்கிறது.

டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையில் அளந்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது நீளம் அன்று. எண்ணிக்கை மாறாத ஒற்றைப் பிரதி மரபணு ஒன்றோடு டெலோமியரின் அளவை ஒப்பிட்ட விகிதம். ஓர் ஆய்வகத்தின் 0.9 என்ற விகிதத்தை வேறோர் ஆய்வகத்தின் 0.9 உடன் ஒப்பிட முடியாது. டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சதர்ன் பிளாட் முறை நீளத்தையே தரும். நோயறிவதற்கு மருத்துவர்கள் பெரிதும் நம்புவது டெலோமியரில் ஒளிரும் குறியை ஒட்டிச் செல் செல்லாக அளக்கும் ஃப்ளோ-ஃபிஷ் முறையை. அது வெள்ளையணு வகைகளான லிம்போசைட்டுகளையும் கிரானுலோசைட்டுகளையும் தனித்தனியாக அளந்து, அதே வயதினருடன் ஒப்பிட்டுக் காட்டும்.

அடுத்து, மரபின் பங்கைக் கணக்கில் கொள்ளுங்கள். இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு, நபருக்கு நபர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று மதிப்பிட்டது. பெரியவர்களின் வெள்ளையணுக்களில் ஆண்டுக்குச் சில பத்து அடியிணைகளே (டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படியும் ஓர் அடியிணை) குறைகின்றன. பிறக்கும்போதே ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடியிணைகள் வேறுபடலாம். நாற்பது வயதான இருவரில் ஒருவருக்கு 7,000 அடியிணைகள், மற்றவருக்கு 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 வீதம் கணக்கிட்டால் இரண்டாமவர் முதலாமவரைவிட 40 ஆண்டு மூத்தவர் என்றாகிவிடும். ‘உடலின் வயது’ என்ற கணக்கு எவ்வளவு தள்ளாட்டமானது என்பதற்கு இதுவே போதும். தந்தையின் வயதும் இதில் சேரும்: வயது ஏற ஏற விந்தணுக்களின் டெலோமியர் நீள்வதால், வயது முதிர்ந்த தந்தையருக்குப் பிறந்தவர்களுக்குச் சராசரியாக நீளம் கூடுதலாக இருக்கிறது.

பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்னும் மருத்துவ ஆய்வுத் தரவகத்தில் 4.7 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு, இந்நீளத்தோடு தொடர்புடைய 138 மரபிடங்களை (மரபுத்தொகுதியில் குறிப்பிட்ட இடங்களை) காட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றின் தனி விளைவு மிகச் சிறியது. டெர்ட், டெர்க், டிகேசி1 போன்ற மரபணுக்களில் ஏற்படும் அரிதான பிறழ்வுகள் அப்படியல்ல. எலும்பு மஜ்ஜை செயலிழப்பு, நுரையீரல் நார்த்திசு நோய், காரணம் புலப்படாத கல்லீரல் சுருக்கம், மிக இளமையில் நரை, நகச் சிதைவு, வாயில் வெண்படலம் ஆகியவற்றில் சில ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் இன்னும் இளவயதிலேயே தோன்றினால், லிம்போசைட் டெலோமியர் அதே வயதினரில் மிகக் குறைந்த 1 சதவீதத்துக்குள் வருகிறதா என்று கேட்டு, இரத்தவியல் மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும் அணுக வேண்டும். என் பார்வையில், இந்தப் பரிசோதனை தன் விலைக்குப் பயன் தரும் இடம் இதுதான்.

நோய்த்தொற்றின் பங்கை ஒற்றை அளவீட்டிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. தொற்றின்போது நோயெதிர்ப்புச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அழற்சியால் விளையும் ஆக்சிஜனேற்றச் சேதமும் டெலோமியரைத் தாக்குகிறது. பெரும்பாலும் அறிகுறியின்றித் தங்கிவிடும் சைட்டோமெகாலோ வைரஸ் உடலில் நெடுங்காலம் தங்கும்போது, பலமுறை பகுப்படைந்து டெலோமியர் குறுகிய சிடி8 டி-செல்கள் (நோயெதிர்ப்பு லிம்போசைட்டுகளில் ஒரு வகை) இரத்தத்தில் திரள்கின்றன. அப்போது சராசரி இறங்குவதற்கு, ஒவ்வொரு செல்லும் தேய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. செல்களின் கலவை மாறியதே பெருங்காரணமாக இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றிலும் குறுக்கம் காணப்படுகிறது. ஆனால் அதன் சிகிச்சைக்குத் தரும் டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் ஆய்வகச் சோதனைகளில் டெலோமரேஸையும் தடுப்பதால், குறுக்கம் முழுவதையும் வைரஸின் கணக்கில் எழுதக் கூடாது.

குறைந்தது மீளவும் கூடும். வெளிநாட்டில் ஃபால்சிபாரம் மலேரியா கண்டு ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற பயணிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, முதலில் குறைந்த நீளம் பின்னர் மீண்டது. அதே நாட்டில் பெரிய நாணல் கதிர்க்குருவிகளில், நாள்பட்ட பறவை மலேரியா டெலோமியரை விரைவாகக் குறைத்ததோடு ஆயுளையும் குறைத்தது என 2015-இல் பதிவானது. பிலிப்பைன்ஸின் செபுவில், குழந்தைப் பருவத்தில் வயிற்றுப்போக்கால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, வளர்ந்தபின் டெலோமியர் குறுகியிருந்தது.

காரணம் எது, விளைவு எது என்பதிலும் கவனம் தேவை. பிட்ஸ்பர்க்கில் 152 நலமான தன்னார்வலர்களுக்கு மூக்கில் சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் சொட்டுகளை இட்டுத் தனிமையில் வைத்துக் கண்காணித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், முன்னரே குறுகிய டெலோமியர் உடையவர்களுக்கே தொற்று அதிகம் ஏற்பட்டது. ஆகவே ஒரு நோயாளிக்கு இன்று குறுகியிருப்பதை மட்டும் பார்த்து, நோய்தான் குறைத்தது என்று சொல்லிவிட முடியாது.

காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது அளக்காதீர்கள். மலேரியா போன்ற கடும் தொற்றுக்குப் பின் பல மாதங்கள் பொறுங்கள். மாற்றத்தைக் காண விரும்பினால், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த மாதிரிகளை உறையவைத்து, ஒரே ஆய்வகத்தில் ஒரே தடவையில் சேர்த்து அளப்பதே நம்பகமானது; ஓராண்டுத் தேய்வைவிடப் பி.சி.ஆர். அளவீட்டின் பிழை பெரிதாக இருப்பது வழக்கம். முடிந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர் அளவுகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். நீளத்தைக் கூட்டுவதாக மாத்திரை விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: மரபுவழி நீண்ட டெலோமியர் உடையவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோயும் சிலவகை நுரையீரல் புற்றுநோயும் அதிகம் காணப்படுவதை அவர்கள் எங்கே எழுதியிருக்கிறார்கள்?