கதிர் வராத பிரெய்ரி புல்லை இலையை வைத்தே பிரிக்கலாம்

வட அமெரிக்கப் பிரெய்ரி (பரந்த புல்வெளி) புல் ஒன்று இன்னும் கதிர் விடவில்லையா? முதிர்ந்த இலையின் நடுப்பகுதியைப் புது பிளேடால் குறுக்கே மெல்லச் சீவி, ஒரு துளி நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். (மழுங்கின பிளேடு செல்களை நசுக்கிவிடும்.) நடுநரம்பை விட்டுவிட்டு, பக்கத்துப் பக்கத்து நரம்புகளுக்கு இடையே உள்ள பச்சைச் செல்களை எண்ணுங்கள்.

நாலுக்கு மேல் போகாமல், நரம்பைச் சுற்றி அடர்பச்சை வளையமும் தெரிந்தால் அது சி4 புல் (சி4, சி3 என்பவை ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் இரு முறைகள்): பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், சுவிட்ச்கிராஸ் போன்ற கோடைப் புற்கள். நரம்புகள் தள்ளித் தள்ளி இருந்து வளையமும் வெளிறியிருந்தால் சி3: கனடா வைல்ட் ரை, வெஸ்டர்ன் வீட்கிராஸ் மாதிரி குளிர்பருவப் புற்கள்.

சி4 புல்லில் வளையத்துக்கு வெளியே உள்ள பச்சைச் செல்கள் பிடிக்கும் கார்பனை வளையச் செல்களுக்குக் கைமாற்ற வேண்டும். அதனால் எந்தச் செல்லும் வளையத்தை விட்டுத் தூரமாக இருக்க முடியாது. மாடு மேய்ந்து குட்டையான புல்லிலும் இந்த அமைப்பு அப்படியேதான் இருக்கும். ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த பானிகம், டைகாந்தீலியம் என்ற புற்களும்கூட இதில் பிரிந்துவிடும்: பானிகத்தைச் சேர்ந்த சுவிட்ச்கிராஸ் சி4, டைகாந்தீலியம் சி3.

ஆனால் இது குழுவைத்தான் சொல்லும், இனத்தை அல்ல. பிக் புளூஸ்டெமா லிட்டில் புளூஸ்டெமா என்று கேட்டால் பதில் வராது. அப்புறம், தண்டு முக்கோணமாக இருந்தால் அது பெரும்பாலும் கோரை; அதிலும் சி4 உண்டு என்பதால் முதலில் தண்டை உருட்டிப் பார்த்துவிடுங்கள்.