சபையில் திரை வைக்கிறீர்களா? முதலில் அணைக்கப் பழகுங்கள்

பிரசங்கம் ஆரம்பித்ததும் திரையைக் கறுப்பாக்கிவிடுங்கள். பவர்பாயிண்ட் என்றால் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் பி (B) அழுத்தினால் போதும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். ஆயர் வசனம் சொல்லும்போது மட்டும் அதைக் காட்டி, வாசித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் பேசப் பேச சனம் திரையையே வெறித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பாட்டு வரிகள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் திணறுவார்கள், அதனால் தமிழ் வரிக்குக் கீழே அதையே ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ சிறிதாகப் போடுங்கள். ஒரு ஸ்லைடில் இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. பின்னால் அருவி ஓடும் வீடியோ எல்லாம் வேண்டவே வேண்டாம் (யூத் குரூப் கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை). பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த பாடல்கள் வேறு லேப்டாப்பில் கிறுக்கலாகத்தான் தெரியும். ஒருமுறை உட்கார்ந்து, எந்த லேப்டாப்பிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் ஓப்பன்எல்பி என்ற மென்பொருள் இலவசம், பாடல்களைச் சேர்த்துவைத்துத் தேட வசதி.

நேரலைக்குப் படத்தைவிட சத்தம்தான் முக்கியம். போனின் மைக்கை நம்பினால் எதிரொலிதான் கேட்கும், சபை மைக்குகள் வந்து சேரும் மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (சத்தத்தைத் தனியாக வெளியே எடுக்கும் இணைப்பு) ஒரு லைன் எடுங்கள். படம் 720பி போதும். கேமராவை ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிடுங்கள், திருவிருந்து நேரத்தில் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்கக் கூடாது.