லாகின் பண்ணது யாருன்னு சர்வருக்கு எப்படித் தெரியுது? செஷனை செஞ்சு பாத்தே கத்துக்கலாம்

நம்ம ராம்நாடு பக்கம் பிஎச்பி படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் நண்டு கம்பெனிக்கு, கருவாட்டுக் கடைக்கு, ராமேஸ்வரம் லாட்ஜுக்குன்னு சின்னச் சின்ன சைட் போட்டுக் குடுக்குறாங்க, லாகின் பேஜ் வரைக்கும் அழகா வந்துடும், அடுத்த பேஜைத் திறந்தா மறுபடியும் பாஸ்வேர்டு கேக்கும், அங்கதான் முக்கால்வாசி பேர் நின்னுடுறாங்க. இந்தப் பதிவு அவங்களுக்காக.

காரணம் ரொம்ப சிம்பிள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற முறையான எச்டிடிபிக்கு ஞாபகம்ங்கிறதே கிடையாது, பிரவுசர் ஒரு பேஜ் கேக்கும், சர்வர் குடுக்கும், அதோட முடிஞ்சுது, அடுத்த ரெக்வெஸ்ட் வரும்போது யாரோ புது ஆள் வந்த மாதிரிதான் பாக்கும். இதுக்கு வழியா 1994ல நெட்ஸ்கேப்ல வேலை பாத்த லூ மான்டுல்லி கொண்டுவந்ததுதான் குக்கி, அதாவது சர்வர் குடுத்து பிரவுசர் வச்சுக்கிற ஒரு சின்னக் குறிப்பு. நம்ம ஊர் விசைப்படகு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி மீன்வளத்துறையில டோக்கன் வாங்குறாங்கல்ல, விவரமெல்லாம் ஆபீஸ் பக்கம் பதிவா இருக்கும், கையில சீட்டு மட்டும் இருக்கும், அதே கதைதான் இங்கயும். பிரவுசர் கையில இருக்குறது அர்த்தமில்லாத ஒரு நீள நம்பர், அது யாரோடதுங்கிற விவரம் சர்வர்ல, அந்தப் பதிவுக்குத்தான் செஷன்னு பேரு. இதை மட்டும் மனசுல பிடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வந்துடும்.

முதல் வேலை, கண்ணால பாருங்க

லேப்டாப்ல குரோம் திறந்து நீங்க லாகின் பண்ணியிருக்கிற ஏதாவது ஒரு சைட்டுக்குப் போங்க, எஃப் 12 அமுக்குங்க, மேல அப்ளிகேஷன்னு ஒரு டேப், அதுல இடது பக்கம் குக்கீஸ். பிஎச்பி சைட்டா இருந்தா பெரும்பாலும் பிஎச்பிசெஸ்ஐடின்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல எழுத்தும் நம்பருமா கலந்து கிடக்கும். செஷன் குக்கி இருக்குற அந்த வரியை டெலீட் பண்ணிட்டு பேஜை ரெஃப்ரெஷ் பண்ணுங்க. வெளிய தள்ளிடும்! உங்க அக்கவுண்ட் அப்படியேதான் இருக்கு, பாஸ்வேர்டும் மாறல, அந்த நம்பர் போச்சு, அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு நகராதீங்க, கையால செஞ்சே பாருங்க.

ரெண்டாவது, நம்மளே எழுதுவோம்

பாம்பன் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற அக்காமாருக்கு ஒரு எடைக்கணக்கு சைட்டுன்னு வச்சுக்குவோம், யார் எத்தனை கிலோ கஞ்சிப்பாசி போட்டாங்கன்னு பதியணும். ஒவ்வொரு பிஎச்பி ஃபைலுக்கும் ஆரம்பத்துலயே செஷன் ஸ்டார்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுங்க. அதுக்கு மேல பிஎச்பி டேகுக்கு வெளிய ஒரு காலி வரி கூட இருக்கக் கூடாது, ஏன்னா குக்கி ஹெடர்ல போகுது, ஹெடர் பேஜுக்கு முன்னாடியே கிளம்பிடும், நீங்க ஒரு ஸ்பேஸ் அனுப்பிட்டாக் கூட ஹெடர் ஏற்கனவே போயிடுச்சுன்னு எரர் வரலாம்.

லாகின் ஃபைல்ல பாஸ்வேர்டு வெரிஃபை ஃபங்ஷனால சரி பாருங்க, சரியா இருந்தா உடனே செஷன் ரீஜெனரேட் ஐடி, உள்ள ட்ரூ குடுத்து கூப்பிடுங்க, அதுக்கப்புறம் செஷன் அர்ரேல யூசர் ஐடியைப் போடுங்க. இந்த ரீஜெனரேட்டை நிறைய பேர் விட்டுடுறாங்க, ஆனா லாகினுக்கு முன்னாடியே ஒருத்தன் தனக்குத் தெரிஞ்ச நம்பரை அந்த அக்கா பிரவுசர்ல ஏத்திவிட்டிருந்தா, அவங்க லாகின் பண்ணதும் அவனும் சேந்து உள்ள வந்துடுவான். லாகின் ஆனதும் நம்பர் மாறிடணும், அதான் விஷயம்.

மத்த பேஜ்ல எல்லாம் யூசர் ஐடி இருக்கான்னு பாத்து, இல்லைன்னா லாகினுக்குத் திருப்பிவிடுங்க, திருப்பிவிட்ட அடுத்த வரியிலேயே எக்ஸிட் போடுங்க. எக்ஸிட் இல்லைன்னா கீழ உள்ள கோடு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இப்ப உங்க லேப்டாப்லயே பிஎச்பி ஓட்டுற சாம்ப் சாஃப்ட்வேரோட ஃபோல்டருக்குள்ள டெம்ப்ன்னு ஒண்ணு இருக்கும், திறங்க. செஸ்னு ஆரம்பிச்சு உங்க குக்கில இருக்குற அதே நம்பர் பேர்ல ஒரு ஃபைல் கிடக்கும். நோட்பேட்ல திறந்தா யூசர் ஐடி, ஒரு நெட்டுக் கோடு, ஐ, கோலன், 7. ஏழாம் நம்பர் யூசர்னு அர்த்தம். சர்வரோட ஞாபகம்னா இந்த ஒரு வரி ஃபைல்தான், வேற மாயம் எதுவும் இல்ல.

எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?

பிஎச்பில சும்மா விட்டா 1440 செகண்ட், அதாவது 24 நிமிஷம் தொடாம கிடந்த செஷன் குப்பைக் கணக்குல வந்துடும், ஆனா கரெக்டா அந்த நிமிஷமே அழியும்னு சொல்ல முடியாது, அதனால கடைசியா வந்த நேரத்தை நீங்களே செஷன்ல போட்டு ஒவ்வொரு தடவையும் சரி பாக்குறதுதான் நம்பிக்கையான வழி. பைத்தான்ல சைட் எழுதுற ஜாங்கோல சும்மா விட்டா ரெண்டு வாரம். கடலுக்குள்ள டவரே இல்லாம ராத்திரி பூரா இருந்துட்டு கரைக்கு வந்து ஈரக் கையோட போனை எடுக்குற ஆளுக்கு 24 நிமிஷம்லாம் கொடுமைங்க. என் கருத்து, எடை பதியுற பேஜுக்கு ஒரு நாள் குடுங்க, காசு மாத்துற பேஜுக்கு மட்டும் மறுபடி பாஸ்வேர்டு கேளுங்க. ஐபி அட்ரஸ் மாறினா செஷனை வெட்டுறதும் வேண்டாம், மொபைல் டேட்டால ஐபி தன்னால மாறிக்கிட்டே இருக்கும், அதுலயும் தனுஷ்கோடி பக்கம் போனா சில நேரம் போன் இலங்கை டவரையே பிடிச்சுக்கும்.

குக்கிக்கு மூணு பூட்டு இருக்கு, மூணையும் செஷன் ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே செட் பண்ணிடுங்க. எச்டிடிபி ஒன்லி போட்டா ஜாவாஸ்கிரிப்ட்டால குக்கியைப் படிக்க முடியாது, செக்யூர் போட்டா எச்டிடிபிஎஸ்ல மட்டும்தான் போகும், சேம்சைட் லேக்ஸ் போட்டா வேற சைட்லேர்ந்து போஸ்ட் முறையில ஃபார்ம் சப்மிட் பண்ணா குக்கி கூடப் போகாது. 2010ல ஃபயர்ஷீப்னு ஒரு ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வந்துச்சு, பொது வைஃபைல பக்கத்து ஆளோட குக்கியை எடுத்து அவர் அக்கவுண்டுக்குள்ள போறது எவ்வளவு சுலபம்னு உலகத்துக்கே காட்டுச்சு, பாஸ்வேர்டே தேவைப்படல.

லாக்அவுட், தயவுசெஞ்சு இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க

நம்ம கடற்கரையில ஒரு போனை நாலு பேர் பொழங்குறது சர்வ சாதாரணம். முதல் அக்கா வெளிய வராம போனைக் குடுத்துட்டா அடுத்த அக்கா போட்ட பாசி எடை முதல் அக்கா கணக்குல ஏறும், அது அவங்க நாள் பூரா தண்ணிக்குள்ள முங்கி முங்கி எடுத்த கூலி. அதனால லாக்அவுட் பட்டனைப் பெருசா, மேலேயே, தமிழ்ல "வெளியேறு"ன்னு வைங்க, யார் பேர்ல உள்ள இருக்கோம்னு ஒவ்வொரு பேஜ்லயும் பெரிய எழுத்துல காட்டுங்க.

கோடுல செஷன் அர்ரேயைக் காலி பண்ணணும், குக்கியை அழிக்கணும், கடைசியா செஷன் டெஸ்ட்ராய். குக்கியை மட்டும் அழிச்சா சர்வர் பக்கம் ஃபைல் உயிரோடதான் இருக்கும், நம்பரை யாராவது எடுத்து வச்சிருந்தா கதவு திறந்தே கிடக்கும்.

சரியா செஞ்சிருக்கீங்களான்னு பாக்க, குரோம்ல லாகின் பண்ணுங்க, அந்தக் குக்கி நம்பரைக் காப்பி பண்ணி ஃபயர்பாக்ஸ்ல அதே சைட்டோட குக்கில ஒட்டுங்க, அங்கயும் நீங்களா உள்ள இருப்பீங்க. இப்ப குரோம்ல வெளியேறிட்டு ஃபயர்பாக்ஸை ரெஃப்ரெஷ் பண்ணுங்க. லாகின் பேஜ் வந்தா சரி, எடைக்கணக்கு அப்படியே தெரிஞ்சா லாக்அவுட் ஃபைலைத் திறந்து டெஸ்ட்ராய் வரி இருக்கான்னு பாருங்க.