லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) எலும்பு மஜ்ஜையில் ரத்தக்குழாய்களை எண்ணும் முறை
ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிவரும் நோயாளியை மறுபடி குத்தாமலிருக்க, ஊசியால் எடுக்கும் இடுப்பெலும்பு மஜ்ஜைத் துண்டு முதல் தடவையே 1.5 செ.மீ.க்குக் குறையாமல் வரட்டும். உடனே திசு கெடாமல் காக்கும் 10% ஃபார்மலினில் போடுங்கள். எலும்பின் சுண்ணாம்பை நீக்க, கால்சியத்தைப் பிடித்திழுக்கும் இடிடிஏ கரைசல்தான் நல்லது. அவசரப்பட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டால் ஆன்டிஜென் (சாயம் ஒட்டும் புரதம்) கெட்டு, சாயம் சரியாகப் பிடிக்காது.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். சிடி34 என்ற புரதத்தைத் தேடும் சாயம் குழாயின் உட்சுவரைப் பழுப்பாகக் காட்டும். அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமான வகையில் பல நோயாளிகளின் பிளாஸ்ட் (முதிராத ரத்த) செல்களும் அதே பழுப்பில்தான் நிற்கும். தனித்த உருண்டைச் செல்லை எண்ணாதீர்கள். மெல்லிய, நீண்டு வளைந்த சுவர் தெரிந்தால்தான் குழாய். சந்தேகமென்றால் வான் வில்லிபிராண்ட் (குழாய்ச் சுவரிலுள்ள இன்னொரு புரதம்) சாயம் போட்டு ஒப்பிடுங்கள். அதில் மெகாகாரியோசைட்டும் (தட்டணு தரும் ராட்சதச் செல்) நிறமேறும், அதன் பெரிய அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

நுண்ணோக்கியில் 100 மடங்கில் குழாய் நெருக்கமான 3 இடம் தேடி, 400 மடங்கில் எண்ணுங்கள். நசுங்கிய ஓரத்தை விட்டுவிடுங்கள். லுகேமியா செல்கள் விஇஜிஎஃப் என்ற, குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைச் சுரப்பதால் குழாய்கள் பெருகி, கோணல்மாணலாகக் கிளைத்திருக்கும்.