இரண்டு மைக் வைத்ததும் உருமியின் உறுமல் காணாமல் போனது: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து உருமியை (ஒரு முகத்தை அடித்தும் மறுமுகத்தைக் குச்சியால் தேய்த்தும் வாசிக்கும் மேளம்) வீட்டிலேயே பதிவு செய்யப் போய் நான்கு நாள் வீணானது. உருமியின் இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்து ஒலிக்கவிட்டால் உறுமல் போய், தகர டப்பா தட்டுவது போல இருந்தது. ஹெட்ஃபோனில் இடம் வலமாகப் பிரித்துக் கேட்டபோது குறை தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும் கைப்பேசியில் போட்டபோதுதான் தெரிந்தது.

கேபிள் மாற்றினேன். சுவரில் மெத்தை சாய்த்தேன். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில், தாழ்ந்த 100 ஹெர்ட்ஸை ஏற்றினேன், இரைச்சல்தான் ஏறியது. மைக்கை நாலைந்து அங்குலம் நகர்த்தியும் பலனில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அங்குலக் கணக்கு அதற்குப் போதாது.

அப்புறம் ஒரே ஒரு அடியை எடுத்து, அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மைக்கின் தடத்தில் கோடு மேலே எழுகிறது. மற்றதில் அதே இடத்தில் கீழே இறங்குகிறது. ஒரு முகத்தை அடித்தால் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே போகும்; உள்ளிருக்கும் காற்று மறுமுகத் தோலை அதன் மைக்கை நோக்கித் தள்ளும். சேர்த்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஸ்நேர் டிரம்முக்கு மேலும் கீழும் மைக் வைக்கும் ஸ்டூடியோக்காரர்கள் ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்புவது இதனால்தான்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தேய்க்கும் பக்கத் தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்குவது). அவ்வளவுதான், உறுமல் திரும்பியது. வாசித்த அண்ணன் கைப்பேசியைக் காதில் வைத்து, "இப்பதான் நம்ம உருமி" என்றார். அப்பாடா!

சரி, ஒன்று கவனியுங்கள்: ஸ்டீரியோ தடமாக இருந்தால் முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே திரும்பும், எந்த மாற்றமும் கேட்காது. எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.